பச்சை விளக்கு அணையாத அட்டை

அறநெறி மாநாடு நடத்துகிறவர்களுக்கு அறநெறியைப் பற்றி யோசிக்க நேரமே கிடைக்காது. நாற்காலி வந்ததா, விருந்தினரை அழைத்துவர வண்டி போனதா, மேடைத் திரையில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். "பொறியியலிலும் தொழில்நுட்பத்திலும் அறநெறி" என்ற அந்த இரண்டு நாள் மாநாட்டிலும் அப்படித்தான். ஒரே ஒருத்தி மட்டும் முதல் நாள் காலையிலிருந்தே அறநெறியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை.

அவள் மாநாடு நடந்த கல்லூரியில் மின்னணுவியல் துறையின் இளைய விரிவுரையாளர். எந்நேரமும் கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியோடு அலைவதால் மாணவர்கள் அவளுக்குச் சால்டர் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்தக் கோப்பு கல்லூரி முதல்வரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே குடியும் குடித்தனமுமாக இருந்தது.

அவள் செய்த கருவிதான் மாநாட்டின் பெரிய பேச்சாக இருந்தது. மாநாடுகளுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், மேடையேறியவரைக் கீழே இறக்குவதுதான் உலகத்திலேயே கஷ்டமான பொறியியல். சீட்டு அனுப்புவார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். மணி அடிப்பார்கள், "இதோ முடித்துவிடுகிறேன்" என்று புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார். இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய்த்தான் அவள் அந்தப் பெட்டியைச் செய்தாள். பேச வருகிறவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அதில் செருக வேண்டும். பச்சை விளக்கு எரியும், பேசலாம். மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும். சிவப்பு வந்ததும் மைக் செத்துவிடும். கெஞ்சினாலும் மிஞ்சினாலும் திரும்ப உயிர் வராது.

ஒத்திகை பார்க்க வந்த நூலகர் அம்மாள், தன் பேச்சு பாதியில் அறுந்ததும் அந்தப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரியான மாமியார்" என்றார். அன்றிலிருந்து கல்லூரி முழுக்க அதற்கு அதுவே பெயர். வீட்டில் இதைச் சொன்னபோது அவளுடைய சொந்த மாமியார், தான் யாருடைய பேச்சையாவது என்றைக்காவது நிறுத்தியதுண்டா என்று கேட்டார். பதில் வருமுன் அந்த விஷயத்தை ஒரு மணி நேரம் விளக்கினார்.

கருவியைப் பற்றி அவள் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தாள். முதல் நாள் மாலை, கடைசி அமர்வில் அதை வாசிக்க வேண்டும். "இந்தக் கருவிக்கு ஆள் பார்க்கத் தெரியாது" என்பது அதன் முதல் வரி. பெரியவர், சிறியவர் என்று பார்க்கும் விதிவிலக்கு எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கவில்லை, தொழில்நுட்பத்தில் அறநெறி என்பது அதுதான் என்று கட்டுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது. மாநாட்டு மலரில் அச்சாகி எல்லோர் பைக்குள்ளும் போய்விட்டது. எழுதியபோது அது உண்மையாகவும் இருந்தது.

மாநாட்டுக்கு முந்தைய நாள் துறைத் தலைவர் ஆய்வகத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர் தும்முவதற்கு முன்பே கைக்குட்டையை நீட்டிப் பழகியவர், அவ்வளவுதான். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு முதல்வரும் பேசுகிறாரே என்றார். எல்லோருக்கும் போல அவருக்கும் பத்து நிமிடம் உண்டு என்றாள் அவள். முதல்வர் தொண்டையைச் செருமுவதற்கே அது போதாது என்றார் அவர். வெளியூர்க்காரர்கள் முன்னால் அவருடைய மைக் செத்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார். பிறகு, சம்பந்தமே இல்லாமல், அவளுடைய நிரந்தரக் கோப்பு முதல்வர் மேசையில் இருப்பதை ஞாபகப்படுத்தினார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னபோதுதான் சம்பந்தம் இருப்பது அவளுக்கு உறைத்தது.

ஒரே ஒரு வரி. முதல்வரின் அட்டை வந்தால் கடிகாரம் ஓடக் கூடாது, பச்சை அணையக் கூடாது. அந்த வரியை எழுத டீ போடும் நேரம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டுரையின் முதல் வரி மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாநாடு தொடங்கியது. மாமியார் கொடிகட்டிப் பறந்தது. ஒரு தொழிற்சாலை அதிபரை நேர்மையின் நடுவில் நிறுத்தியது. ஒரு பெரிய பேராசிரியரை "மூன்றாவதும் மிக முக்கியமானதுமான" என்ற இடத்தில் வெட்டியது. மூன்றாவது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை சிவப்பு எரிந்தபோதும் கூட்டம் கைதட்டியது. ஆளுக்கொரு நீதி இல்லாத ஒரு பொருளை நேரில் பார்த்த சந்தோஷம் அவர்களுக்கு.

நடுவில் முதல்வர் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவரே பெட்டியைச் சுட்டிக்காட்டி, பாருங்கள், இன்னும் பச்சைதான் எரிகிறது, நம் கல்லூரியின் கருவி பொய் சொல்லாது என்று பெருமைப்பட்டுக்கொண்டு இரண்டாவது பகுதிக்குப் போனார். வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மேடை ஓரத்தில் தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவள் தரையைப் பார்த்தாள். தரை அவளைப் பார்த்தது.

மதியச் சாப்பாட்டில்தான் வினை. அடையாள அட்டையை வடிவமைத்த குழு, மாநாட்டின் பெயரை முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டு, ஆளின் பெயரைப் பின்பக்கம் எறும்பு சைஸில் போட்டிருந்தது. அறநெறி பெரிது, ஆள் சிறிது என்று அவர்களுக்கு நினைப்பு. அதனால் எல்லா அட்டையும் ஒரே அட்டை மாதிரி இருந்தது. கை கழுவும் இடத்தில் அட்டை குழாய்த் தண்ணீரில் நனையாமலிருக்க எல்லோரும் கழற்றிச் சுவரில் இருந்த கொக்கிகளில் மாட்டினார்கள். கை துடைத்துவிட்டுக் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசி அமர்வுக்குத் தலைமை, பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர். அதில் இரண்டே கட்டுரைகள். முதலாவது முன்னுரை வாசிப்பது, இரண்டாவது அவளுடையது.

முன்னுரை என்பது ஒரு மூத்த பேராசிரியரின் பட்டப்பெயர். எங்கே அறநெறி மாநாடு நடந்தாலும் அங்கே அவர் இருப்பார். மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தொடங்குவார். நீராவி எஞ்சினுக்கு வரும்போது மணி அடித்துவிடும். சொல்ல வந்ததைச் சொல்லவிடுவதில்லையே என்று வருத்தத்தோடு இறங்குவார். அவர் சொல்ல வந்தது என்ன என்பது அந்த வட்டாரத்தில் ஒரு தீராத புதிராகவே இருந்துவந்தது.

முன்னுரை மேடையேறி அட்டையைச் செருகினார். பச்சை எரிந்தது. அவளுடைய மடிக்கணினித் திரையில் பேசுபவரின் பெயர் வந்தது. முதல்வர்.

அவள் சட்டென்று தலையைத் தூக்கி முன்வரிசையைப் பார்த்தாள். முதல்வர் கழுத்தில் முன்னுரையின் அட்டையோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த வரியை இப்போதே அழித்துவிடலாம் என்று அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஏன் நின்றது என்றால், இவர் பேசிக்கொண்டே போனால் அவளுடைய நேரம் போய்விடும். நேரம் இல்லாமல் போன கட்டுரைகளுக்கு மாநாடுகளில் ஒரு வழக்கம் உண்டு: "வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது" என்று அமர்வுத் தலைவர் ஒரு வாக்கியம் சொல்வார், கதை முடிந்துவிடும். அந்தப் பொய்யை அவள் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. அச்சில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். அச்சு வெட்கப்படாது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து இறுகக் கோர்த்துக்கொண்டாள்.

முன்னுரை சக்கரத்தை உருட்டினார். காற்றாலைக்கு வந்தார். நீராவி எஞ்சின் வந்தது. வழக்கப்படி பேச்சை நிறுத்திவிட்டு மணிக்காகக் காத்திருந்தார். மணி இல்லை. விளக்கைப் பார்த்தார். பச்சை. கூட்டத்தில் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எஞ்சினைத் தாண்டிட்டாரு" என்று நூலகர் அம்மாள் பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தார்.

மின்சாரம் வந்தது, வானொலி வந்தது, விமானம் பறந்தது. தலைமை வகித்த பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, கடிகாரம்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்து அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மட்டுமா? அரங்கில் இருந்த அத்தனை பேரிடமும் கடிகாரம் இருந்தது, கைப்பேசி இருந்தது, படிப்பும் இருந்தது. பச்சை எரிகிறபோது நேரம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் துணிச்சல்தான் ஒருவரிடமும் இல்லை. இயந்திரத்தை மனிதன் கண்மூடி நம்பக் கூடாது என்று காலையில் அனல் பறக்கப் பேசியவர்களும் அதில் அடக்கம்.

முன்னுரைக்கு உற்சாகம் பொங்கியது. கணினியைத் தாண்டி இன்றைய நாளுக்கே வந்து சேர்ந்துவிட்டார். குரலை உயர்த்தி, "ஆகவே, இன்றைய பொறியாளன் செய்ய வேண்டியது என்னவென்றால்" என்று சொல்லித் தாளைத் திருப்பினார்.

அதற்கு அடுத்து தாள் இல்லை. அவர் மேசை மீது தேடினார், மேசைக்குக் கீழே தேடினார். தண்ணீர் குடித்தார். விளக்கைப் பார்த்தார், அது ஈவிரக்கமில்லாமல் பச்சையாகவே எரிந்தது. கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல நான் எழுதலைங்க" என்றார். "எழுத வேண்டிய அவசியமே வந்ததில்ல. எங்க போனாலும் எஞ்சின்கிட்ட மணி அடிச்சிடுவாங்க. மணியாலதான் என் கருத்தைச் சொல்ல முடியலன்னு ஊரெல்லாம் குறை சொல்லிட்டிருந்தேன், நானும் அதை நம்பிட்டேன். எங்கிட்ட கருத்தே இல்லன்னு இன்னைக்குத்தாங்க எனக்கே தெரியுது."

அரங்கம் கைதட்டியது. அன்று காலையிலிருந்து பேசியவர்களில் யாருக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைக்கவில்லை. முன்னுரை சிவந்த முகத்தோடு அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு பேச்சை முடித்திருந்தார்.

தலைமை வகித்த பொறியாளர் மேடை ஓரம் திரும்பி அவளைக் கேட்டார். "ஏம்மா, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசையிலிருந்து துறைத் தலைவர், ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும். கருவிக்குக் கெட்ட பெயர் வரும், அவளுக்கு வராது. கருவியா வந்து சண்டை போடப் போகிறது? ஆனால் அவளுக்கு அந்தப் பெட்டிமேல் பாசம் இருந்தது. வாய் இல்லாத பிராணிமேல் பழி போடுவது போல இருந்தது. அதோடு, ஒரு மனிதர் வாழ்நாள் பொய்யைப் போட்டு உடைத்துவிட்டு இறங்கிய படியில் தன்னுடைய சின்னப் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஏற அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மேடைக்கு வந்து சொல்றேன் சார்" என்றாள்.

ஏறினாள். தன் அட்டையைச் செருகினாள். பச்சை. கட்டுரையை விரித்து, "இந்தக் கருவிக்கு ஆள் பார்க்கத் தெரியாது" என்று வாசித்தாள். தாளை மடித்து வைத்தாள்.

"தெரியும். நான்தான் கத்துக்கொடுத்தேன். நம்ம முதல்வர் அட்டையைப் போட்டா கடிகாரம் ஓடாது. நேத்து அப்படி ஒரு வரி எழுதி வெச்சேன். அந்த அட்டை எப்படியோ சார் கைக்குப் போயிடுச்சு. மெஷின்ல கோளாறு இல்லைங்க. கோளாறு எங்கிட்ட."

யார் எழுதச் சொன்னது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யார் சொன்னாலும் எழுதிய கை தன்னுடையதுதான் என்றாள் அவள். துறைத் தலைவருக்குத் திடீரென்று பேனா தரையில் விழுந்துவிட்டது. நாற்காலிக்கு அடியில் அதைத் தேடிக்கொண்டே இருந்தார்.

எல்லோருடைய கண்ணும் முதல்வர் பக்கம் போனது. அவர் தன் கழுத்து அட்டையைப் புரட்டி, எறும்பு எழுத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு எழுந்தார்.

"நான் யாரையாவது கேட்டேனா?" என்றார். கோபம்போல் இல்லை, குரலில் ஒரு குழப்பம் இருந்தது.

நாற்காலிக்கு அடியிலிருந்து துறைத் தலைவரின் குரல் வந்தது. "நீங்க கேக்கற நிலைமைக்கு நாங்க விடுவோமா சார்?"

அரங்கம் சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை. காலையில் தான் பேசியது எவ்வளவு நேரம் என்று தலைமை வகித்த பொறியாளரிடம் கேட்டார். பாலம் கட்டியவர், பூசி மெழுகத் தெரியாதவர். டீ ஆறி, சூடு பண்ணி, மறுபடியும் ஆறிவிட்டது என்றார்.

"இந்தப் பெட்டி இப்பத்தான் வந்தது" என்றார் முதல்வர் மெதுவாக. "அதுக்கு முன்னாடி இத்தனை வருஷமா எனக்கு யாருமே மணி அடிச்சதில்லையே. நான் நேரத்தோட முடிக்கிற ஆளுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

வேலை போனாலும் பரவாயில்லை, இந்த மனிதரை இப்படி நடுச்சபையில் நிற்கவைத்திருக்க வேண்டாமே என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் மஞ்சள் எரிந்து, சிவப்பு எரிந்து, அவளுடைய மைக் செத்தது. மாமியார் தன்னைப் பெற்றவளையும் விடவில்லை.

முதல்வர் மேடைக்கு வந்தார். அந்த வரியை இப்போதே, எல்லோர் முன்னாலும் எடுத்துவிடச் சொன்னார். அவள் மடிக்கணினியைத் திறந்து வரியைத் தேடி அழித்தாள். எழுதுவதைவிட அழிப்பது இன்னும் சுலபமாக இருந்தது. முதல்வர் முன்னுரையை அழைத்து அட்டையை மாற்றிக்கொண்டார். பதில் சொல்ல வருகிறவர்களுக்கு இரண்டு நிமிடம் என்பது மாநாட்டு விதி. தன் சொந்த அட்டையைச் செருகினார். பச்சை எரிந்தது. இந்த முறை கடிகாரமும் ஓடியது.

பழக்கம் போகுமா? தொண்டையைச் செருமினார். அவைக்கு வணக்கம் சொன்னார். தலைவருக்குத் தனியாக வணக்கம் சொன்னார். அறநெறியின் அவசியத்தைத் தொட்டுக்காட்டினார். மஞ்சள் வந்தது. அதைக் கவனித்துக் கொஞ்சம் பதறி, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்தம்மாவோட கோப்பு ரொம்ப நாளா என் மேசையில இருக்கு. அந்த விஷயத்துல நான் இப்ப எடுத்திருக்கற முடிவு என்னன்னா"

சிவப்பு. மைக் செத்தது.

அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். மைக்கைச் சாகவிடாமல் வைத்திருக்கக் கூடிய ஒரே வரியை ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தன் கையாலேயே அழித்திருந்தாள். முதல்வர் வாயைத் திறந்தபடி விளக்கைப் பார்த்தார். குரலை உயர்த்தி மைக் இல்லாமலே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடினார். கூட்டத்துக்குக் கைகூப்பிவிட்டு, அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவளைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்றார்.

"நாளைக்கு நிறைவு விழாவுல எனக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. அப்ப சொல்றேம்மா."

முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல்வர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஆட்கள் தேநீருக்குக் கலைந்தார்கள். அவள் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். முட்டியில் தூசி. இந்தத் தடவை அவர் யாருக்காகவும் பயந்து வரவில்லை, நிஜமாகவே அவளுக்காகத்தான் வந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல அவரு வணக்கமே சொல்லி முடிக்க மாட்டாரும்மா" என்றார் தணிந்த குரலில். "உன் விஷயம் வர்றதுக்குள்ள சிவப்பு வந்துடும். நாளைக்கு மட்டும், ஒரே ஒரு வரி... உனக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. டீ போடும் நேரம்கூட ஆகாது. அவள் வயரின் நுனியைச் செருகிப் பெட்டியை மூடினாள்.

"வணக்கத்தைச் சுருக்கிக்கச் சொல்லுங்க சார்" என்றாள்.